நோவா போன பிறகு: பருத்தித்துறையில் செய்மதிப் படம் பிடித்தல்

2025 ஓகஸ்ட் 19இல் அமெரிக்காவின் நோவா-15 வானிலைச் செய்மதியை நிறுத்திவிட்டார்கள். ஆறு நாள் முன்னதாக நோவா-19 போயிருந்தது, ஜூன் 6இல் நோவா-18. வீட்டுக் கூரையில் கம்பி கட்டி வானிலைப் படம் பிடித்த ஆட்களுக்கு இந்த மூன்றும்தான் சோறு போட்டவை. 1963 டிசம்பரில் டைரோஸ்-8 தொடக்கிவைத்த ஏபிடி என்ற அனலொக் படமுறை அவற்றோடு முடிந்தது. புதிய நோவா-20, நோவா-21 இரண்டும் எவரும் நேரே பிடிக்கக்கூடிய தரவை எக்ஸ் என்ற மிக உயர்ந்த அலைவரிசையில் மட்டும்தான் இறக்குகின்றன. அதைப் பிடிக்கச் செய்மதியோடு கூடவே திரும்பும் டிஷ் வேண்டும். எங்கள் ஒழுங்கையில் அது சரிவராது.

"இனி என்னத்துக்கு உந்தக் கம்பி, கழட்டி விடன்" என்று வீட்டில் சொன்னார்கள். கழற்றவில்லை. இணையத்தில் இந்தியாவின் இன்சாட் செய்மதிப் படம் இலவசமாக வரும்போது இதெல்லாம் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் மாரியில் ஒரு தாழமுக்கம் கரைக்குக் கிட்ட வருகிற நாளிலேயே இங்கே கரண்டும் போகும், போன் சிக்னலும் போகும். படம் தேவைப்படுவதும் அந்த நாளில்தான். வானத்திலிருந்து நேரே வரும் படத்துக்கு ஒரு 12 வோல்ட் பட்டரியும் மடிக்கணினியும் போதும்.

நோவாவுக்குப் பிறகு 137 மெகாஹேர்ட்சில் எனக்கு மிஞ்சியவை ரஷ்யாவின் மீட்டியோர்-எம் 2-3, 2-4 என்ற இரண்டும். முதலாவது 2023 ஜூன் 27இலும் மற்றது 2024 பெப்ரவரி 29இலும் ஏவப்பட்டவை. இரண்டையும் நான் பிடிப்பது 137.9 மெகாஹேர்ட்சில். எல்ஆர்பிடி என்று சொல்லும் டிஜிட்டல் முறை. ஏபிடியில் ஒரு புள்ளி 4 கிலோமீற்றர், இதில் 1 கிலோமீற்றர். குடாநாட்டைப் பொறுத்தவரை அது பெரிய வித்தியாசம். நோவா படத்தில் யாழ்ப்பாணம் இந்தியாவுக்குக் கீழே ஒரு சாம்பல் அழுக்காகத்தான் தெரியும். மீட்டியோரின் பகல் படத்தில் முகில் இல்லாவிட்டால் கடனீரேரி தெரியும், ஆனையிறவு ஒடுக்கம் தெரியும், ஊர்காவற்றுறைப் பக்கத் தீவுகளும் நெடுந்தீவும் தனித்தனியே தெரியும். பாக்கு நீரிணையில் கலங்கல் தண்ணீர் வெளிறிக் கிடப்பதைக்கூடப் பார்க்கலாம்.

அன்டெனாவுக்கு நான் எடுத்தது வி-டைபோல், அதாவது இரண்டு கம்பியை 120 பாகையில் விரித்து நிலத்துக்குக் கிடையாக வைப்பது. குரோஷிய வானொலி ஆர்வலர் ஒருவர் பரப்பிவிட்ட வடிவம் இது. கணக்கும் எளிது: 137.5 மெகாஹேர்ட்சுக்கு அலைநீளம் 2.18 மீற்றர், அதில் கால்பங்கு 54 சென்ரிமீற்றர் சொச்சம், கொஞ்சம் குறைத்து ஒவ்வொரு கையும் 53. 120 பாகை விரிவில் இதன் மின்தடுப்பு கேபிளின் 50 ஓமுக்குக் கிட்ட வந்துவிடுவதால் இடையில் வேறு பொருத்தல் வேலை இல்லை. செய்மதி அனுப்புவது வலம் சுழலும் அலை. கிடைக் கம்பி அதில் 3 டெசிபெல்லை இழக்கும். பதிலுக்கு, நிலத்திலிருந்து நிமிர்ந்த அலையாக வரும் சத்தத்தில், அதாவது மற்ற மின்கருவிகளின் இடையூற்றில், பெரும்பகுதியை வெட்டிவிடும். நகரத்துக்குள் இந்தப் பேரம் இலாபம்.

கைகளுக்கு ஹார்ட்வெயார் கடையில் 4 மில்லிமீற்றர் அலுமினியக் கம்பி. தாங்குவதற்கு ஒரு துண்டுப் பனஞ்சலாகை. உளுக்காது, காற்றுக்கு வளையாது. கம்பியைப் பிடிக்க வயரிங்காரர் பாவிக்கும் கனெக்டர் துண்டு. ஆர்ஜி-58 கேபிளின் நடுக்கம்பி ஒரு கைக்கும் வலைக்கம்பி மற்றக் கைக்கும். இதையெல்லாம் ஒரு எஸ்லோன் பைப்பின் தலையில் ஏற்றி, விரிந்த வாய் வடக்கைப் பார்க்க மொட்டைமாடியில் நிறுத்தினேன். செய்மதிகள் வடக்குத் தெற்காகத்தான் ஓடும். கம்பியின் குருட்டுப் பக்கங்கள் கிழக்கு மேற்கில் விழும்.

இங்கே ஒரு விசயம். செம்பும் அலுமினியமும் தொடும் இடத்தைச் சும்மா விட்டால் எங்கள் உப்புக்காற்று ஒரு வாடைக்காலத்துக்குள் அதை வெள்ளைப் பொடியாக்கிவிடும். இறுக்கிய உடனேயே கிரீஸ் பூசி, மேலே சிலிக்கன் வைத்து, அதற்கும் மேலே வெட்டிய யோகட் கப் ஒன்றைக் கவிழ்த்திருக்கிறேன். பார்க்க அழகில்லை.

அலையை வாங்கும் கருவி, கணினியின் யூஎஸ்பியில் செருகும் விரல் நீள ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிள். மென்பொருள் சாட்டம்ப், இலவசம், அன்ட்ரொயிட் போனிலும் ஓடும். அதில் 'மீட்டியோர் எம்2-எக்ஸ் எல்ஆர்பிடி 72கே' என்ற வரியைத் தெரிவுசெய்து, நேரத்துக்குத் தொடக்கிவிட்டால் மிச்சத்தை அதுவே பார்க்கும். செய்மதி எத்தனை மணிக்கு எந்தத் திசையில் எழும் என்பதைப் போனில் லுக்4சாட் சொல்லும். தலைக்கு மேலால் போகும் நல்ல ஓட்டம் கால் மணித்தியாலத்துக்குக் கிட்ட நீடிக்கும்.

முதலில் ஒன்றும் வரவில்லை. திரையில் 137.9ஐச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி ஒரே இடைவெளியில் கோடுகள் நின்றன. செய்மதி எழுந்ததும் அவற்றின் நடுவே மெல்லிய மேடு ஒன்று தெரியும், ஆனால் பூட்டுப் பிடிக்காது, அதாவது மென்பொருளால் சிக்னலைப் பிடித்துப் படமாக்க முடியாது. ஏபிடி என்றால் சத்தத்தோடு சத்தமாகப் புள்ளி விழுந்த படமாவது கிடைக்கும். டிஜிட்டலில் அந்தத் தயவு இல்லை. பூட்டினால் கண்ணாடி மாதிரிப் படம், பூட்டாவிட்டால் கறுப்புப் பட்டை.

அந்தக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடியதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பட்டரியில் ஓடவிட்டேன். சில கோடுகள் போயின. மெயின் சுவிட்சை இறக்கினேன். இன்னும் பாதி போனது. மிச்சம் வெளியிலிருந்து. பழைய பொக்கற் றேடியோ ஒன்றை மத்திய அலையில், நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றி நடந்தேன். மலிவு எல்இடி பல்பின் மின்மாற்றிச் சுற்று அதில் கரகரவென்று கேட்கும். எங்கள் கிணற்றடிப் பல்பு ஒன்று, வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு வாசல் பல்பு ஒன்று, அவர்களின் சோலார் சார்ஜர் ஒன்று. எங்களுடையதை மாற்றினேன். பக்கத்து வீட்டு மாமியிடம் விசயத்தைச் சொல்லி, வாசலுக்கு நல்ல பல்பு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "உனக்குப் படம் வர என்ரை லைற்றோ தடை?" என்று சிரித்தாலும் மாட்டவிட்டார். சோலார் சார்ஜரைத் தொட முடியாது. அதற்குப் பதிலாக டொங்கிளை மேசையிலிருந்து தூக்கி அன்டெனாவின் காலடிக்கே கொண்டுபோய், நீண்ட யூஎஸ்பி வயரில் கீழே இறக்கினேன். வயரின் இரு முனையிலும் பழைய மொனிட்டர் வயர்களிலிருந்து உடைத்தெடுத்த, சத்தத்தை உறிஞ்சும் பெரைற் குமிழ்களைக் கவ்வவிட்டேன். டொங்கிளுக்கு முன்னால் எப்எம் ஒலிபரப்பை வெட்டும் வடிகட்டி ஒன்று. கோடுகள் ஒடுங்கின, அடுத்த ஓட்டத்தில் சாட்டம்பின் இரண்டு பெட்டியும் பச்சையாகிப் படம் வரி வரியாக இறங்கியது.

இரண்டு செய்மதியில் 2-4இன் சிக்னல்தான் இங்கே பலம். 2-3 நடுவில் விட்டுவிட்டு வரும். நல்ல உயரத்தில் போகும் ஓட்டம் இல்லாவிட்டால் அதோடு மினக்கெடுவதில்லை.

படத்தை வாசிப்பது வேறு வேலை. மீட்டியோரின் எம்எஸ்யூ-எம்ஆர் கருவிக்கு ஆறு அலைவரிசைகள். எல்ஆர்பிடியில் ஒரு நேரத்தில் மூன்றுதான் வரும். பகலில் முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அதை ஒட்டிய அகச்சிவப்பும். இரவில் 10.5 தொடக்கம் 11.5 மைக்ரோன் வரையான வெப்ப அகச்சிவப்புத்தான் கை கொடுக்கும். அந்தப் படத்தில் வெள்ளை என்பது குளிர், அதாவது உயரமான முகில் உச்சி. மழை என்று எங்கும் எழுதியிராது. வங்காள விரிகுடாவில் கொதித்தெழும் இடிமுகிலும் வெள்ளை, அதிலிருந்து காற்று இழுத்துக்கொண்டு வந்த, ஒரு துளியும் விடாத மேல்தட்டு முகிலும் வெள்ளை. ஓரம் வெட்டியது போல் கூராக இருந்தால் பயப்பட வேண்டியது, பிசிறிப் போயிருந்தால் பெரும்பாலும் வெறும் திரை என்று நான் பிரிக்கிறேன். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வாடைக்காலத்தில் கடலிலிருந்து ஏறிவரும் தாழ்ந்த முகில், அகச்சிவப்பில் கடலோடு கடலாக மங்கலாகக் கிடக்கும். கூரையில் மழை சடசடவென்று கொட்டிக்கொண்டிருக்கும், படத்தில் ஒன்றுமே இராது. செய்மதிப் படத்தைப் பார்த்து "இண்டைக்கு மழை இல்லை" என்று போனில் அனுப்பிவைக்கும் ஆட்கள் இதை யோசிப்பதில்லை.

மழையைப் பார்க்க இணையம் இருக்கும் நேரத்தில் எங்களுக்குக் கிட்டிய நல்ல வழி இந்திய வானிலைத் துறையின் காரைக்கால் ரேடார். பருத்தித்துறையிலிருந்து நேர்கோட்டில் 130 கிலோமீற்றர் அளவுதான். குடாநாடு முழுக்க அதன் வட்டத்துக்குள் வருகிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. காற்று வேகத்தைப் பார்த்தால் பெரிய புயல் இல்லை. ஆனால் தீவின் மேலேயே மெதுவாக நகர்ந்து மலைநாட்டில் மழையைக் கொட்டியது. மண்சரிவிலும் வெள்ளத்திலும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எங்கள் பக்கம் இணையம் விட்டு விட்டுத்தான் கிடைத்தது. மொட்டைமாடியில் நிற்க முடியாத காற்று, பைப்பைக் கயிறு போட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தேன். செய்மதியின் பாதைக் கணக்கை முன்னமே இறக்கி வைத்திருந்ததால் நேரம் தெரியும். பட்டரியில் மடிக்கணினி. படம் வந்தது. இலங்கையின் உருவமே இல்லை, கரையோரம் எங்கே என்று சாட்டம்ப் மேலே வரைந்த மஞ்சள் கோட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நல்ல படம்தான், ஆனால் அடுத்தது எப்போது? அங்கேதான் இந்த முறையின் குறை உறைத்தது. மீட்டியோர் பூமியைச் சுற்ற நூறு நிமிடம் சொச்சம் எடுக்கும். அதற்குள் பூமி கிழக்கே திரும்பிவிடுவதால் அடுத்த சுற்று மத்திய கோட்டில் 2800 கிலோமீற்றர் மேற்கே போய்விடும். ஒரு நல்ல ஓட்டம், கூடவே அடிவானத்தில் ஒரு நொண்டி ஓட்டம், பிறகு அரை நாள் குருடு. புயல் அசைகிறதா, எந்தப் பக்கம் அசைகிறது என்பதற்கு அரை நாளுக்கு ஒரு படம் காணாது.

அதனால் அப்புறம் கை வைத்தது ஒரே இடத்தில் நிற்கும் செய்மதியில். எங்கள் தலைக்கு நேரே, கிழக்கு 82 பாகையில் இன்சாட்-3டிஎஸ் நிற்கிறது. 2024 பெப்ரவரி 17இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்14 ஏற்றிவிட்டது. கடலில் ஆபத்தில் சிக்கிய கலத்தின் அவசரச் சமிக்ஞையைக் கைமாற்றும் கருவியும் அதில் இருக்கிறது. ஆனால் வீட்டு டொங்கிளுக்கு எட்டும் அலைவரிசையில் அது படம் அனுப்புவதில்லை. எட்டக்கூடியது தென்கொரியாவின் ஜிகே-2ஏ. 2018 டிசம்பரில் ஏவியது, நிற்பது 128.2 பாகை கிழக்கில், 1692.14 மெகாஹேர்ட்சில் எல்ஆர்ஐடி என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு, பத்து நிமிடத்துக்கு ஒரு முழுப் பூமி அகச்சிவப்புப் படம். பருத்தித்துறையிலிருந்து அது அடிவானத்துக்கு 34 பாகை மேலே, திசை நேர்க்கிழக்கிலிருந்து எட்டு ஒன்பது பாகை தெற்கே. வளவுக்குள் கிழக்குப் பக்கம் இருந்த முருங்கையின் ஒரு கொப்பு போக வேண்டியதாயிற்று. அம்மா ஒரு கிழமை முறைத்தா.

டிஷ் என்பது வைஃபைக்குப் பாவிக்கும் கம்பிவலை டிஷ், ஒரு மீற்றர் அகலம். அதன் வாயில் 1.69 கிகாஹேர்ட்சுக்கு வடிகட்டியோடு வரும், சிக்னலைப் பெருக்கும் சின்ன மிகைப்பி. அதற்கு வேண்டிய மின்சாரம் சிக்னல் கேபிள் வழியாகவே டொங்கிளிலிருந்து போகிறது. திசை பிடிக்க ஒரு வழி: செப்டெம்பர் 27ஐ ஒட்டிய நாட்களில், காலை எட்டேகாலுக்கும் எட்டரைக்கும் இடையில் சூரியன் சரியாக அந்தச் செய்மதியின் பின்னால் வந்து நிற்கும். டிஷ்ஷின் வாய்க்குமிழின் நிழல் வலையின் நடுவில் விழும்படி திருப்பி இறுக்கினால் சரி. மார்ச் 16, 17இலும் இதே கதைதான், நேரம் மட்டும் கால் மணி பிந்தும். நான் தொடங்கியது இரண்டுக்கும் நடுவில், ஆகவே போனின் திசைகாட்டியையும் கொத்தனாரின் மட்டத்தையும் வைத்து அளந்து, பிறகு திரையில் மேடு உயரும் வரை இம்மி இம்மியாக நகர்த்தினேன்.

திசை சரியாக வந்தும் சிக்னல் அரைகுறையாக நின்றது. அலை ஒரே தளத்தில் ஆடுவது. நாங்கள் மத்திய கோட்டுக்குக் கிட்ட இருந்துகொண்டு கிழக்கே சரித்துப் பார்ப்பதால் அந்தத் தளம் எங்கள் கண்ணுக்கு 77 பாகை அளவு புரண்டு தெரியும். கம்பிவலை டிஷ்ஷில் வாயை மட்டும் திருப்பினால் போதாது, கம்பிகளும் அதே பக்கம் ஓட வேண்டும். டிஷ்ஷை முழுதாகக் கழற்றிச் சரித்துக் கட்டியதும்தான் சாட்டம்ப் பூட்டியது.

இன்னொரு வில்லங்கம் வெயில். விடியற்காலையில் நன்றாக ஓடும், பதினொரு மணிக்கு மேல் திடீரென்று சிக்னல் காணாமல் போகும். டொங்கிளுக்குள் இருக்கும் டியூனர் சில்லு 1.7 கிகாஹேர்ட்ஸ் மாதிரி உயர்ந்த இடத்தில் சூடேறினால் அலைப்பூட்டை விட்டுவிடும். பெட்டிக்குள் மூடி வைத்திருந்ததை வெளியே எடுத்து, பழைய கொம்பியூட்டர் ஒன்றின் அலுமினியச் சூடிறக்கியில் இறுக்கி, தண்ணீர்த்தாங்கியின் நிழலில் தொங்கவிட்டிருக்கிறேன். இப்போது நடுமத்தியானத்திலும் விடுவதில்லை.

கிடைக்கும் படம் 2200க்கு 2200 புள்ளி. அதில் நாங்கள் மேற்கு ஓரத்தில் இருக்கிறோம். குடாநாடு முழுக்கச் சில புள்ளிக்குள் முடிந்துவிடும். மீட்டியோரின் அழகுக்குப் பக்கத்தில் வராது. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சேர்த்து ஓடவிட்டால் அந்தமான் பக்கத்திலிருந்து முகில்கூட்டம் எழுந்து வருவதும், இரவில் கடலில் முறுகிக் காலையில் கரைவதும், எது சுழல்கிறது எது சும்மா ஓடுகிறது என்பதும் கண்ணுக்குப் புலப்படும். டித்வா நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது இதுதான்.

ஒரு திருத்தம் மட்டும் எப்போதும் மனதில் இருக்க வேண்டும். செய்மதி எங்களைக் கிழக்கிலிருந்து சரிவாகப் பார்க்கிறது. 15 கிலோமீற்றர் உயரத்து இடிமுகில் உச்சி, படத்தில் அதன் உண்மையான இடத்திலிருந்து 22 கிலோமீற்றர் மேற்கே தள்ளி விழும். படத்தில் யாழ்ப்பாண நகரத்துக்கு மேலே நிற்பதாகத் தெரியும் முகிலுக்குக் கீழே உண்மையில் இருப்பது வடமராட்சிக் கிழக்காக இருக்கலாம், கடலாகவும் இருக்கலாம். கிழக்கிலிருந்து வரும் மழையில் இது ஒரு மணித்தியாலம் வரை கணக்கைப் பிழைக்கவைக்கும். தாழ்ந்த முகிலுக்கு இந்தத் தள்ளல் பெரிதாக இல்லை. இன்சாட் படத்தில் இந்தத் தொல்லையே கிட்டத்தட்ட இல்லை, அது நேர் மேலிருந்து பார்ப்பதால்.

இதை யார் பாவிக்கிறார்கள் என்று கேட்டால், முதலில் வெங்காயக்காரர். கிண்டி எடுத்த வெங்காயத்தை வெளியே காயவிடலாமா, கொட்டிலுக்குள் ஏற்றுவதா என்று பின்னேரம் ஒரு கேள்வி வரும். ஓடும் படத்தில் கிழக்குக் கடல் வெறுமையாக இருந்தால் இரவுக்குப் பெருமழை வராது என்று சொல்லத் துணிவு வரும், தூறலுக்கு உத்தரவாதம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

அடுத்தது ஒழுங்கை முடிவில் இருக்கும், பைபர் போட்டில் தொழிலுக்குப் போகும் அண்ணை. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"தம்பி, முகில் கிடக்கட்டும். இதில காத்துத் தெரியுமே?"

"இல்லை அண்ணை, தெரியாது."

"அப்ப எனக்கு அரைவாசிதான் பிரயோசனம்."

அவர் சொன்னது சரி. முகில் இல்லாத நீல வானத்துக்குக் கீழேயும் கச்சான் கடலைப் புரட்டிப் போடும். கடல்மட்டக் காற்றை அளப்பவை ஸ்கற்றரோமீட்டர் வைத்த செய்மதிகள். 2022 நவம்பர் 26இல் பிஎஸ்எல்வி-சி54 ஏற்றிய ஓஷன்சாட்-3 அப்படியொன்று. நுண்ணலையைக் கடல்மேல் அடித்து, சிற்றலைகளில் பட்டுத் திரும்புவதை வைத்துக் காற்றின் வேகமும் திசையும் கணக்கிடும். அதை மொட்டைமாடியில் பிடிக்க வழி இல்லை, இணையத்தில்தான் எடுக்க வேண்டும். இப்போதைக்கு, முதல் நாள் இரவே அந்தக் காற்று வரைபடத்தை இறக்கி ஜிகே-2ஏ ஓடுபடத்தோடு சேர்த்து அண்ணையின் போனுக்கு அனுப்பிவிடுகிறேன். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் எச்சரிக்கை இருந்தால் மற்றதெல்லாம் பிறகு, அதுதான் முதலில் போகும்.